ஊரான் எடை

“மாறிலின்னா மாறாதது. பேர்லயே இருக்கே டாக்டர்” என்று அந்தப் பேராசிரியர் சிரித்தபோது, கையில் இருந்த பிபி கருவியை அவர் மேல் விட்டெறிந்திருப்பேன். கருவி அரசாங்கத்துடையது, உடைந்தால் அடுத்தது வர ஒரு வருஷமாகும் என்பதால் எறியவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அதோடுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் நிலோஃபர். உப்பளமேடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரே டாக்டர். சென்னைக்கு வடக்கே, கடலோரம், ஒரு நீளமான மதில். அதற்கு இந்தப் பக்கம் உப்பளமேடு குடியிருப்பு. நகரத்துக்குள் இருந்த குப்பங்களை இடித்து, அங்கிருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய எட்டு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் என்று ஒன்று உண்டு. அது ஓடி நான் பார்த்ததில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் இறகு நகர். அதைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்க முடியாது; டிவியில் அத்தனை விளம்பரம் போட்டார்கள். முழங்கால் வலியும் கோடிக்கணக்கில் பணமும் உள்ளவர்களுக்காகக் கட்டிய ஊர். கேட்டைத் தாண்டி உள்ளே போனால் எடை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எண்பது வயதுக்காரர்கள் பூப்பந்து ஆடுவதைக் காட்டியபோது நாடே கைதட்டியது. விஞ்ஞானம் முதியவர்களை மதிக்கிறது என்று தலையங்கம் எழுதினார்கள். குறைந்த எடை எங்கே போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் முழங்கால்கள் வீங்கத் தொடங்கின. முதலில் வயதானவர்களுக்கு, பிறகு முப்பது வயதுக்காரர்களுக்கு. கர்ப்பப்பை இறங்கிப்போன பெண்கள் வந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு மாடியேறிய ஒருவர் நடுப்படியில் உட்கார்ந்து, அப்படியே செத்துப்போனார். மேலிடத்துக்கு எழுதினேன். வந்த பதில்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். கருவாட்டு உப்பைக் குறைக்கச் சொல்லவும். குடிப்பழக்கத்தை விசாரிக்கவும். உடலுழைப்பு போதாததால் இருக்கலாம். விடிவதற்குள் மீன் கூடையைத் தூக்குகிறவர்களுக்கு உடலுழைப்பு போதவில்லையாம்!

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்க விடாதது கர்ப்பிணிகள். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று கரு நழுவிக்கொண்டே இருந்தது. ஜெனிட்டாவுக்குப் போன வருஷம் அப்படித்தான் போயிற்று. இப்போது மறுபடி நான்கு மாதம். அவள் இறகு நகரில் வீட்டு வேலை செய்கிறவள். புருஷன் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அம்மா லூர்துமேரி, எங்கள் தெருமுனையில் மீன் விற்கிறவள்.

“அங்க வேலை செய்யும்போது ஒண்ணுமே தெரியல டாக்டரம்மா. ரெண்டு கேன் தண்ணிய ஒரே கையில தூக்கினு போறேன்” என்றாள் ஜெனிட்டா. “வேலை முடிஞ்சு கேட்ட தாண்டி இந்தாண்ட வந்ததும் யாரோ தோள் மேல ஏறி குந்திக்கிறாப்பல கீது. வயிறு கீழ இழுக்குது.”

அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே பரிசோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, பிரசவத்துக்கு வந்தால் போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே சரியாகத்தான் இருந்திருக்கும். வேறு எங்காவது சொந்தக்காரர் வீட்டில் போய் இரேன் என்றேன். “எங்க சொந்தக்காரங்க பூரா இதே பில்டிங்லதானே கீறாங்க. குப்பத்தையே இடிச்சிட்டாங்களே” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு எலக்ட்ரானிக் பிபி கருவி ஒன்றைக் கொடுத்தது. அதுவரை எங்களிடம் இருந்தது பழைய பாதரசக் கருவி. ஜெனிட்டாவுக்குப் புதுக்கருவியில் நூற்றைம்பது காட்டியது. பழையதில் நூற்றிருபத்தைந்து. அடுத்த நோயாளிக்கும் அதே கதை. யாருக்குப் பார்த்தாலும் புதுசு கூடுதலாகக் காட்டியது. ஓசியில் வந்தது இப்படித்தான் இருக்கும் என்று எங்கள் நர்ஸ் அதை அலமாரியில் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து லூர்துமேரி நெற்றியில் ரத்தத்தோடு வந்தாள். கையில் அவளுடைய ஸ்பிரிங் தராசு, கண்ணாடி உடைந்து.

“டவுன்லேந்து வந்து மீன் வாங்கினு போனவன், வூட்ல எடை போட்டா கம்மியா கீதாம். திருட்டுக் கெழவின்னு தள்ளிவுட்டுட்டான். ஹார்பர்ல இதே தராசுல அஞ்சு கிலோன்னு புடிச்சி வாங்குறேன். இங்க வந்து போட்டா ஆறு காட்டுது. நான் இன்னா மந்திரமா பண்றேன்? நீயே சொல்லு டாக்டரம்மா. மீனு வழியில குட்டியா போடும்?”

தையல் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஐந்து ஆறாகிறது. நூற்றிருபத்தைந்து நூற்றைம்பதாகிறது. இரண்டும் ஒரே கணக்கு. பாதரசக் கருவி என்ன செய்கிறது? ரத்தம் பாதரசத்தை எவ்வளவு உயரம் தூக்குகிறது என்று பார்க்கிறது. பாதரசமே கனத்துப்போனால் அவ்வளவு உயரம் தூக்க முடியாது. பிபி உண்மையில் ஏறிக் கிடக்க, கருவி நல்லபிள்ளையாக நார்மல் என்று காட்டும். சலைன் பாட்டிலைப் பார்த்தேன். சொட்டு வழக்கத்தைவிட வேகமாக விழுந்தது. என் போனில் புவியீர்ப்பை அளக்கும் ஆப் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். ஒன்பது புள்ளி எட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று புள்ளி ஏழு.

“உங்க தராசு பொய் சொல்லல லூர்தம்மா” என்றேன். அன்று ராத்திரியே இறகு நகர் மேல் புகார் எழுதினேன்.

நான் புகார் அனுப்பிய மறுவாரம் இறகு நகர் நிறுவனத்திலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். அபிநந்தன் என்று பெயர். முப்பது வயது இருக்கும். என் அறை முதல் மாடியில்தான். அந்தப் படியேறி வந்ததற்கே நாற்காலியில் பொத்தென்று விழுந்து, சட்டைக் காலரை விலக்கி வியர்வையைத் துடைத்தார். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள்.

“மேடம், இதுல ரெண்டு ஜி இருக்கு. பெரிய ஜி, சின்ன ஜி. பெரிய ஜி பிரபஞ்சம் பூரா ஒண்ணுதான். நிலாவுலயும் அதே, இங்கயும் அதே. அதை யாரும் தொட முடியாது. சின்ன ஜி வேற. நீங்க நிக்கற இடத்துல பூமி உங்களை எவ்வளவு வேகமா கீழ இழுக்குதுங்கறது. அது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். மலை உச்சியில கம்மி, துருவத்துல ஜாஸ்தி. நாங்க அந்தச் சின்ன ஜியைக் கொஞ்சம் தள்ளி வைக்கறோம். அவ்ளோதான்.”

“தள்ளி வெச்சா எங்க போகும்?”

அவர் தரையைப் பார்த்தார்.

“போர்வை மாதிரி மேடம். ஒரு பக்கம் தள்ளினா இன்னொரு பக்கம் மடிஞ்சு குவியும். உள்ள ஆள் கூடக் கூட, தள்ள வேண்டியதும் கூடும். ஒவ்வொரு உடம்புக்கும் கணக்கு உண்டு.”

“அப்போ ஒவ்வொரு வீடு விக்கும்போதும் எங்க மேல ஏறுது.”

“கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும். திடீர்னு தெரியாது.”

“காலி நிலத்துல கொட்ட வேண்டியதுதானே? கடல்ல கொட்டுறதுதானே?”

“கடல்ல விட்டா அலை ஒழுங்கு மாறும். துறைமுகம் ஒத்துக்கல. காலி நிலம்னா, இங்க ஏக்கர் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். இந்தப் பக்கம்தான்...” அவர் நிறுத்தினார்.

“சொல்லுங்க. இந்தப் பக்கம்தான் கேட்க நாதியில்ல.”

அவர் மறுக்கவில்லை. புகாரை வாபஸ் வாங்கும்படி கேட்கவும் இல்லை. எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார். அந்த ஆள் மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை. அவர் அரை மணி நேரம் தாங்க முடியாததை இங்கே குழந்தைகள் பள்ளிக்கூடப் பையோடு தாங்கிக்கொண்டிருந்தன.

பத்திரிகைகளில் விஷயம் கசிந்ததும் விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி கோதண்டபாணி. நல்ல பெயர் உள்ளவர். குழு உட்கார்ந்த இடம் எது தெரியுமா? இறகு நகர் கிளப் ஹால். ஏசி இருக்கிறதாம், பார்க்கிங் இருக்கிறதாம். உப்பளமேட்டில் நேரில் அளந்து பார்க்கும் நாளில் தலைவர் வரவில்லை. உடம்பு ஒத்துக்கொள்ளாது, வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பேராசிரியர் ஒருவர் வந்தார். தடபுடலாக ஒரு பெரிய இரட்டைத் தட்டுத் தராசை இறக்கினார்கள். நகைக்கடைத் தராசைவிட நுணுக்கமானதாம். முத்திரை போட்ட இரும்பு எடைக்கல்லை ஒரு தட்டில் வைத்தார்கள். ஆய்வகத்தில் சரிபார்த்துக் கொண்டுவந்த இன்னொரு கல்லை மறு தட்டில் வைத்தார்கள். முள் நட்ட நடுவில் நின்றது.

“பாருங்க, ஒரு மில்லிகிராம் வித்தியாசம் இல்ல” என்றார் பேராசிரியர், கேமராவைப் பார்த்து.

“சார், ரெண்டு தட்டும்தான் கனக்குது! ரெண்டும் ஒரே அளவு கனத்தா முள்ளு எப்படி சார் சாயும்?” என்று கத்தினேன். “இது எத்தனை பொருள் இருக்குன்னு ஒப்பிடற தராசு. பூமி எவ்வளவு இழுக்குதுன்னு இதுக்குத் தெரியாது. நிலாவுல கொண்டுபோய் வெச்சாலும் முள்ளு நடுவுலதான் நிக்கும்.”

பக்கத்து ரேஷன் கடையில் இருந்த எலக்ட்ரானிக் தராசையும் பார்த்தார்கள். அதுவும் சரியாகக் காட்டியது. ஏன் காட்டாது? வருஷா வருஷம் முத்திரை போட வருகிற இன்ஸ்பெக்டர் இதே இடத்தில், இதே கனத்த கற்களை வைத்துத்தான் அதைத் திருத்துகிறார். ஏறிய எடையை நாமே துடைத்து அழித்துவிட்டு, பிறகு எங்கே ஏறியிருக்கிறது என்று தேடுகிறோம். லூர்துமேரியின் தராசை நீட்டினேன். முத்திரை இல்லாதது, சாட்சியமாகாது என்றார்கள். போனை நீட்டினேன். ஆப்பையெல்லாம் கோப்பில் ஏற்ற முடியாது என்றார்கள். கடைசியாக எங்கள் பாதரச பிபி கருவியைத் தூக்கிக் காட்டினேன்.

“டாக்டர், நீங்க பிளஸ் டூவுல படிச்சிருப்பீங்க. ஈர்ப்பு மாறிலி. மாறிலின்னா மாறாதது. பேர்லயே இருக்கே” என்று பேராசிரியர் சிரித்தது அப்போதுதான்.

“நீங்க சொல்றது பெரிய ஜி சார். நான் கேக்கறது சின்ன ஜி. ஈர்ப்பு முடுக்கம். பெரிய ஜி மாறாதுன்னு சொல்லி சின்ன ஜியைக் கமுக்கமா மூடறீங்களே, படிச்ச மனுஷன்தானே நீங்க?”

கூடியிருந்த பெண்களில் பாதிப் பேருக்கு நான் சொன்னது புரியவில்லை. ஆனால் நான் சண்டை போடுகிறேன் என்பது புரிந்தது. அவர்களும் சத்தம் போட்டார்கள். போலீஸ்காரர் லத்தியைத் தரையில் தட்டினார்.

அப்போது பின்னால் நின்றிருந்த அபிநந்தன் முன்னால் வந்தார். கேமராவுக்கு நேராக நின்று, “சார், மேடம் சொல்றது சரி. எடை இங்கதான் வருது. அதை இங்க தள்ளறது நான்தான், என் ஸ்க்ரீன்லேந்து” என்றார். அடுத்த நாளே அவருக்கு வேலை போயிற்று. குழு முடிகிறவரை சாட்சியாக மட்டும் வரச் சொன்னார்கள்.

வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். கிளப் ஹாலில் அடுத்த அமர்வு. நீதிபதி கோதண்டபாணி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எடை போகிறது, வருந்தத்தக்கது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

“டாக்டர், நிறுத்தச் சொல்றது சுலபம். நிறுத்தினா இங்க இருக்கறவங்க கதி என்ன? நானே ரெண்டு வருஷமா இங்கதான் குடியிருக்கேன். பொய் சொல்லல, என் எலும்பு என்ன நிலைமையில இருக்குன்னு எனக்கே தெரியாது. இந்த ஏரியாவுக்கு அரசு டாக்டர் நீங்கதான். பரிசோதிச்சு உண்மையை எழுதிக் குடுங்க. நீங்க எழுதறதை இந்தக் குழு அப்படியே ஏத்துக்கும்.”

விசாரிக்க வந்தவரே அங்கே குடியிருக்கிறார். அதை வெட்கமில்லாமல் சொல்லவும் செய்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பரிசோதித்தேன். நான் டாக்டர். வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன், எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். சுமை இல்லாத எலும்பு உளுத்துப்போகும். அவர்கள் எலும்புகள் அப்பளமாக இருந்தன. நோகாமல் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பூப்பந்துக் கிழவர்களைச் சாதாரண பூமியில் ஒரே நாளில் நிறுத்தினால் இடுப்பு ஒடியும், சிலருக்கு இதயம் நிற்கும். கோதண்டபாணிக்கும் அதே கதிதான். என்ன எழுத முடியும்? உண்மையைத்தான் எழுதினேன். “இவர்களை எடை மிகுந்த இடத்துக்கு மாற்றினால் உயிருக்கு ஆபத்து.”

குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. மனிதாபிமான அடிப்படையில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தர மூன்று வருஷ அவகாசம் என்று முடிவாயிற்று. உத்தரவில் கையெழுத்தாகி வெளியாக இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

மூன்று வருஷம். ஜெனிட்டாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம் முடிகிற நேரம். அன்று காலை லேசாக ரத்தம் பட்டிருந்தது. ஆறாவது மாடியில், காற்றே வராத அந்த வீட்டில், கால் பக்கம் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் படுத்திருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

லூர்துமேரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவங்கோ எலும்பு ஒடிஞ்சிடும்னு நீதான் எய்திக் குட்த்தியா?”

“உண்மை லூர்தம்மா. ஒடிஞ்சிடும்.”

“அப்ப எம் பொண்ணு கீறது பொய்யா? அவ வயித்துல கீறது பொய்யா? அவங்களுக்கு எய்தத் தெரிஞ்ச கை இவளுக்கு எய்தாதா?” அவள் கையில் இருந்த முறத்தைத் தரையில் வீசினாள். “நல்லா கீதும்மா உன் உண்மை. பணக்காரன் வூட்டு உண்மை மட்டும் ஆபீஸ் வரிக்கும் போவுது. எங்க உண்மை இந்தப் படி எறங்கறதுக்குள்ள மூச்சு வாங்கிப் பூடுது.”

அவள் கத்தக் கத்த ஒரு விஷயம் எனக்குள் பளிச்சென்று பட்டது. அது வெறும் திட்டு இல்லை. வழி.

“லூர்தம்மா, இந்தக் காலனியில மாசமா இருக்கறவங்க எத்தனை பேருக்கு உள்ள போற பாஸ் இருக்கு?”

“அல்லாருக்கும் கீது. அல்லாரும் அங்கதானே பாத்திரம் தேய்க்கறாங்க” என்றாள் லூர்துமேரி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்களைக் கூப்பிடப் படியிறங்கினாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற நேரத்துக்கு, வேலைக்காரர்கள் போகிற பின்பக்கக் கேட் வழியாக, தினமும் போகிற மாதிரிதான் போனார்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். ஜெனிட்டாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். கேட்டைத் தாண்டியதும் தூக்கியவர்களே தடுமாறினார்கள். சட்டென்று பாரம் போய்விட்டதில் நாற்காலி மேலே எகிறியது. ஜெனிட்டா சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

யாரும் எந்த வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்கப் போகவில்லை. நேராகக் கிளப் ஹாலுக்குப் போனார்கள். பட்டு உறை போட்ட சோபாக்களில், கம்பளத்தில், பூப்பந்து வலைக்குக் கீழே போட்டிருந்த மெத்தைகளில் படுத்தார்கள். செக்யூரிட்டி ஓடி வந்தான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுத்திருப்பவர்கள் மேல் எப்படிக் கை வைப்பது என்று தெரியாமல் விசிலை மட்டும் ஊதினான்.

கோதண்டபாணி வந்தார். குழு ஆட்களும் வந்தார்கள். “என்ன டாக்டர் இது? அத்துமீறல் இல்லையா?”

என் லெட்டர்பேடில் எழுதி வைத்திருந்ததை நீட்டினேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனித் தாள். பரிசோதித்துத்தான் எழுதினேன், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்.

“இவரை எடை மிகுந்த இடத்துக்கு மாற்றினால் உயிருக்கு ஆபத்து.”

அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். பிறகு வாசிப்பதை நிறுத்தினார்.

“நான் எழுதறதை அப்படியே ஏத்துக்கறதா நீங்கதான் சார் சொன்னீங்க” என்றேன். “அதே டாக்டர். அதே பேனா. அதே வரி. உங்க இடுப்புக்கு இது செல்லும்னா இவங்க வயித்துக்கும் செல்லணும். செல்லாதுன்னா அந்தத் தாளையும் கிழிங்க, இன்னிக்கே மிஷினை நிறுத்துங்க. உத்தரவு இன்னும் கையெழுத்தாகல. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

அந்த மனிதர் நின்ற இடத்திலேயே நின்றார். சட்டம் தெரிந்தவர். இரண்டில் எதைக் கிழித்தாலும் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சும்மா இருங்க சார்” என்றார் நீதிபதி. எல்லோருக்கும் பிரசவம் ஆகும்வரை இங்கேயே இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். பெண்கள் யாரும் கைதட்டவில்லை. அவர்களுக்கு அது பிச்சையாகப் படவில்லை, நன்றி சொல்லவும் தோன்றவில்லை. ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நீதிபதியே போய் எடுத்துவந்தார்.

நான் ஜெனிட்டாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். இறுக்கம் தளர்ந்திருந்தது. உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது.

“மூச்சு வருது டாக்டரம்மா” என்றாள்.

அப்போதுதான் அபிநந்தன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாட்சி சொல்ல வந்தவர், வாசலருகே சங்கடமாக நின்றுகொண்டிருந்தார். லூர்துமேரியும் என் பின்னாலேயே வந்தாள்.

“மேடம், இதைச் சொல்லாம இருந்தா தப்பு. மிஷினுக்கு இவங்க யாரு, அவங்க யாருன்னு தெரியாது. உள்ள இருக்கற உடம்பெல்லாம் ஒண்ணுதான். வேலைக்கு வந்துட்டுச் சாயங்காலம் திரும்பிப் போனப்போ ராத்திரி கொஞ்சம் இறங்கும். இனிமே இவங்க இங்கயே இருக்கப்போறாங்க. இவங்க எடையையும் தள்ளியாகணும். அது...”

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அது மதிலைத் தாண்டி எங்கள் பக்கம்தான் விழும். அவர்களுடைய அம்மாக்கள் மேல், புருஷன்கள் மேல், மற்ற பிள்ளைகள் மேல்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அமைத்திருக்கிறார்கள்! ஏழை ஒருத்தி கொஞ்சம் மூச்சுவிட வேண்டுமென்றாலும் இன்னொரு ஏழை முதுகைத்தான் கொடுக்க வேண்டும். ஜெனிட்டாவின் காதில் விழக்கூடாது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

லூர்துமேரி அபிநந்தனை நேராகப் பார்த்தாள்.

“எம் பொண்ணு எடைய நான் தூக்கறதுக்கு உன்னையக் கேக்கணுமா தம்பி? பத்து மாசம் சொமந்தவதானே நானு. இன்னும் நாலு மாசம் தூக்கினா செத்தா பூடுவேன்?” என்றாள். பிறகு நீதிபதி இருந்த பக்கம் கையை நீட்டி, குரலை உயர்த்தினாள். “இவ எங்கொழந்தை. நான் தூக்குவேன். அந்தாளு எனக்கு யாரு? அந்தாள நான் எதுக்குத் தூக்கணும்? அத மட்டும் யாராச்சும் சொல்லுங்க.”

கோதண்டபாணி கையில் காலித் தம்ளரோடு நின்றிருந்தார்.

சாயங்காலம் நானும் லூர்துமேரியும் திரும்பினோம். கேட்டைத் தாண்டிய இரண்டாவது அடியிலேயே தெரிந்தது, நேற்றைவிடக் கூடியிருந்தது. கற்பனையாகக்கூட இருக்கலாம். போனை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. விற்காமல் மிஞ்சிய மீனும் உடைந்த தராசும் இருந்த கூடையைத் தெருமுனையில் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அவள் படியேறினாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றதற்குத் தலையாட்டி மறுத்தாள். மூன்றாம் மாடியில் நின்றாள். கூடையை இறக்கிச் சுவரில் சாய்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? இன்னிக்கு என் மேல ஏறிகீதே, இதுல எது எம் பொண்ணுத்து, எது அந்த ஜட்ஜய்யாத்துன்னு பிரிச்சி சொல்ல முடியுமா உன்னால?”

“முடியாது லூர்தம்மா. எந்தத் தராசாலயும் முடியாது.”

“முடிஞ்சா நல்லா இருந்துருக்கும்” என்றாள். கூடையைத் தலைக்கு ஏற்றினாள். “எம் பொண்ணுத்த மட்டும் தூக்கினு மேல பூடுவேன். மத்தத இந்தப் படியிலயே எறக்கி வெச்சிட்டு.”

ஒவ்வொரு படியாகக் கையை ஊன்றி ஏறத் தொடங்கினாள். இன்னும் மூன்று மாடி இருந்தது.